ஏரி நீர் பச்சையாவது எதனால்? பாஸ்பரஸ் கணக்குப் போட்டுக் காரணம் காணும் முழுமையான வழிகாட்டி

ஓர் ஏரியின் நீர் கோடைதோறும் பச்சையாகக் குழம்பிக் கரையோரம் ஆடை கட்டத் தொடங்கினால், அந்தப் பாசியை எப்படி அகற்றுவது என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வியாக இருக்கிறது. இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறது. பாசிக்குத் தீனியாகும் சத்து எவ்வளவு இருக்கிறது, எந்த வழியாக வருகிறது, வந்தது எங்கே தங்கியிருக்கிறது என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் செய்யப்படும் செலவில் பெரும்பகுதி அடுத்த கோடையிலேயே வீணாகிவிடுகிறது. ஏரிப் பாதுகாப்புக் குழுக்கள், ஊராட்சிகள், மாணவர்களைக் களத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்பவர்கள் ஆகியோர் ஓர் ஆண்டுக் காலத்தில் செய்து முடிக்கக்கூடிய அளவில் இதன் படிகள் அமைந்துள்ளன.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

பாசி வளர ஒளியும் வெப்பமும் தேவை. நம் நாட்டுச் சமவெளி ஏரிகளில் இவ்விரண்டுக்கும் பஞ்சமில்லை. ஆகவே பாசி எவ்வளவு பெருகும் என்பதைப் பெரும்பாலும் சத்துகளே தீர்மானிக்கின்றன. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடலை ஆராய்ந்த ஆல்ஃபிரெட் ரெட்ஃபீல்ட் 1934இல் ஒரு விகிதத்தைக் கவனித்தார். பின்னர் செம்மைப்படுத்தப்பட்ட அதன் வடிவம், 106 கார்பன் அணுக்களுக்கு 16 நைட்ரஜன் அணுக்களும் 1 பாஸ்பரஸ் அணுவும் என்பதாகும். எடைக் கணக்கில் இது ஒரு பங்கு பாஸ்பரஸுக்குச் சுமார் 7 பங்கு நைட்ரஜன். இவ்விகிதத்தில் அமைந்த பாசியின் உலர் எடையைக் கணக்கிட்டால், 1 கிராம் பாஸ்பரஸ் 110 கிராமுக்கும் அதிகமான பாசியை உருவாக்கப் போதுமானது என்பது தெரியவரும். அந்தப் பாசி மடிந்து முழுவதும் மட்குவதற்குச் சுமார் 140 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 7.5 கிராம்தான் என்பதால், ஒரே ஒரு கிராம் பாஸ்பரஸ் மறைமுகமாக 18, 19 கன மீட்டர் நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும் வலிமை உடையது. மீன்கள் செத்து மிதப்பதற்கான விளக்கம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

கார்பன் காற்றிலிருந்து நீரில் கரைகிறது. நைட்ரஜனையும் நீலப்பச்சைப் பாசிகளில் சில இனங்கள் காற்றிலிருந்தே நிலைநிறுத்திக்கொள்ளும். பாஸ்பரஸுக்கு அப்படிப்பட்ட வாயு வழி இல்லை. அது மண்ணோடும் கழிவோடும் உரத்தோடும்தான் நீருக்குள் வர முடியும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் காணும்படி மெய்ப்பித்தது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள ஆய்வு ஏரிகளில் ஒன்றான 226ஆம் எண் ஏரி. டேவிட் ஷிண்ட்லரும் குழுவினரும் 1973இல் அதன் குறுகிய இடுப்புப் பகுதியில் ஒரு திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் சேர்க்கப்பட்டன. மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்க்கப்பட்டது. பாஸ்பரஸ் பெற்ற பாதி நீலப்பச்சைப் பாசியால் மூடிக்கொள்ள, மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. கடலோர நீரில் நிலைமை வேறு. அங்கே நைட்ரஜனே பெரும்பாலும் தட்டுப்பாடாக இருக்கும். ஆகவே கீழே சொல்லப்படுபவற்றைக் கழிமுகங்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

படி 1: பச்சை நிறம் எதனுடையது என்று பாருங்கள்

நீரின் மேலே பச்சையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. ஒரு குச்சியை நீரில் விட்டுத் தூக்கும்போது முடிக்கற்றை போலத் தொங்கினால் அது இழைப்பாசி. தனித்தனி சிறு இலைகளாக ஒட்டிக்கொண்டால் வாத்துப்பாசி அல்லது அசோலா; இவை பாசியே அல்ல, மிதக்கும் தாவரங்கள். வெயில் ஏறும்போது செங்கல் நிறத்தில் ஏடு படர்ந்தால் யூக்ளினா இனமாக இருக்கலாம். பச்சைச் சாயம் கொட்டியது போல ஒட்டுமொத்த நீரும் நிறம் மாறியிருந்தால், ஒரு கண்ணாடிச் சீசாவில் முக்கால் பங்கு நிரப்பி, அசையாத இடத்தில் இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். காலையில் பச்சை மேலே திரண்டிருந்தால், உடலுக்குள் வாயுப் பைகளைக் கொண்ட மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசி இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அடியில் படிந்தால் டயாட்டம்களோ (சிலிக்கா ஓடு கொண்ட நுண்பாசிகள்) பச்சைப் பாசிகளோ இருக்கலாம். இது முதல் ஊகத்துக்கான சோதனை மட்டுமே. உறுதி செய்ய நுண்ணோக்கி வேண்டும், பள்ளிக்கூட நுண்ணோக்கியே போதும்.

மேலே திரளும் வகை என்று தெரிந்தால், கையுறை இல்லாமல் அந்த ஏட்டைத் தொட வேண்டாம். ஆடுமாடுகளை அந்தக் கரையில் நீர் குடிக்க விட வேண்டாம். நீலப்பச்சைப் பாசிகளில் சில, கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. குடிநீரில் இவ்வகையில் முக்கியமான மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டு அளவு வகுத்துள்ளது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஈரி ஏரியிலிருந்து வந்த குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவிக்க நேர்ந்தது இந்த நஞ்சினால்தான். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். கொதிக்கும்போது நீர்தான் ஆவியாகிறது, நஞ்சு குறைவதில்லை.

படி 2: தெளிவாழத்தை அளந்து எழுதி வையுங்கள்

இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி 1865இல் பயன்படுத்திய வட்டத்தட்டு முறை இன்றும் மிக மலிவான, மிக நம்பகமான அளவை. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டில் எதிரெதிர்க் கால்பகுதிகளுக்குக் கறுப்பும் வெள்ளையும் பூசி, அடியில் எடை கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறக்க வேண்டும். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே தூக்கும்போது மீண்டும் தென்படும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். அதுவே தெளிவாழம். பரிசலின் நிழல் விழும் பக்கத்தில், காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில், கறுப்புக் கண்ணாடி அணியாமல் பார்க்க வேண்டும்.

ராபர்ட் கார்ல்சன் 1977இல் வகுத்த குறியீட்டில், மீட்டரில் அளந்த தெளிவாழத்தின் இயல் மடக்கையை (கணிப்பானில் ln) 14.41ஆல் பெருக்கி 60இலிருந்து கழித்தால் ஏரியின் சத்துநிலைக்கு ஓர் எண் கிடைக்கும். 2 மீட்டருக்கு 50, 1 மீட்டருக்கு 60, அரை மீட்டருக்கு 70 என அமையும் இந்த எண், தெளிவு பாதியாகும்போதெல்லாம் 10 கூடுகிறது. 50க்கு மேல் போனால் சத்து மிகுந்த ஏரி என்று கொள்ளலாம். ஆனால் மழைக்குப் பின் செம்மண் கலங்கலாக வரும் நீரில் இதைப் போட்டுப் பார்ப்பதில் பொருளில்லை. அங்கே ஒளியை மறைப்பது பாசி அல்ல, களிமண்.

படி 3: விடியலிலும் பிற்பகலிலும் நீரைச் சோதியுங்கள்

பாசி மிகுந்த நீர் பகலில் ஆக்சிஜனை உற்பத்தி செய்து இரவில் அதையே உட்கொள்கிறது. ஆகவே நண்பகல் அளவு மட்டும் கொண்ட அறிக்கை ஏரி நலமாக இருப்பதாகவே காட்டும். சூரியன் எழும் முன் ஒரு முறையும் பிற்பகல் 3 மணியளவில் ஒரு முறையும் கரைந்த ஆக்சிஜனையும் நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவையும் எடுங்கள். இரண்டு வேளைக்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால் பாசியின் ஆட்சி நடக்கிறது என்று பொருள். மீன் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு அபாயமும் உண்டு: ஒளிச்சேர்க்கை கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் பி.ஹெச். 9ஐத் தொடும்போது, 30 டிகிரி வெப்பத்தில் நீரில் உள்ள அம்மோனியாவில் பாதியளவு மீன்களுக்கு நஞ்சான வடிவத்துக்கு மாறிவிடுகிறது. பி.ஹெச். 7இல் அந்தப் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லை.

படி 4: மொத்தப் பாஸ்பரஸை அளக்கச் செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பச்சை ஏரியிலிருந்து நீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, “பாஸ்பேட்: கண்டறியும் அளவுக்குக் கீழ்” என்ற விடை வந்ததும், ஏரியில் சத்து இல்லை, பாசிக்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுவது வெகு சாதாரணமாக நடக்கிறது. உண்மையில் கரைந்த பாஸ்பேட் இல்லாததற்குக் காரணம், பாசி அதை ஏற்கெனவே உட்கொண்டுவிட்டதுதான். சத்து நீரில் இல்லை, பாசியின் உடலுக்குள் இருக்கிறது. ஆகவே வடிகட்டாத நீரை அமிலத்தோடும் பெர்சல்பேட்டோடும் சூடாக்கிச் சிதைத்த பின் அளக்கும் மொத்தப் பாஸ்பரஸ் என்ற அளவையே நீங்கள் எழுத்து வடிவில் கேட்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் சீசாவைப் பாத்திரம் துலக்கும் சோப்பினால் கழுவக் கூடாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, பிறகு வாலைவடி நீரால் பல முறை அலச வேண்டும். ஏரியின் நடுப்பகுதியில், மேல் ஏட்டை ஒதுக்கிவிட்டு, முழங்கை ஆழத்தில் மூடியைத் திறந்து நிரப்புங்கள். உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். தாமதமாகும் என்றால் கந்தக அமிலம் சேர்த்துப் பி.ஹெச். 2க்குக் கீழே கொண்டுவந்து குளிரில் வைக்கலாம். கரைந்த பாஸ்பேட்டையும் அறிய விரும்பினால் அதற்கான பகுதியை ஏரிக்கரையிலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டிவிட வேண்டும். அமிலம் சேர்த்த சீசாவிலிருந்து அதை எடுக்கக் கூடாது, அமிலம் பாசியின் செல்களை உடைத்துவிடும்.

ஆய்வகத்திடம் இரண்டு கேள்விகளை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முதலாவது, கண்டறியும் எல்லை என்ன? லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே அளக்க முடியாத ஆய்வகம் இந்த வேலைக்குப் பயன்படாது, குறைந்தது 0.01 வரை இறங்க வேண்டும். அம்மோனியம் மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்து நீல நிறம் வரவைத்து அளக்கும், 1962இல் மர்ஃபியும் ரைலியும் வெளியிட்ட முறையில் இது எளிதே. இரண்டாவது, விடையைப் பாஸ்பரஸாகத் தருவீர்களா, பாஸ்பேட்டாகத் தருவீர்களா? பாஸ்பேட்டாகத் தந்தால் எண் மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும், அதை 3.07ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் இரண்டு ஆய்வகங்களின் அறிக்கைகளை அருகருகே வைத்து ஏரி சீரடைந்துவிட்டது என்று மகிழ்வது எளிது.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1982இல் வெளியிட்ட எல்லைகளின்படி, ஆண்டுச் சராசரி மொத்தப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் சத்துக் குறைந்த ஏரி; 10 முதல் 35 வரை நடுத்தரம்; 35 முதல் 100 வரை சத்து மிகுந்தது; 100ஐத் தாண்டினால் அளவு கடந்தது. இவை பெரும்பாலும் குளிர்நாட்டு ஏரிகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. நம் ஆழமற்ற ஏரிகளை இவற்றால் தரம் பிரிப்பதைவிட, அதே ஏரியை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதற்கு இவற்றைப் பயன்படுத்துவதே நல்லது என்பது என் கருத்து. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, கலிங்கு வழியும்போது, கோடையில் நீர் சுருங்கும்போது என மூன்று முறையாவது அளக்க வேண்டும். நீர் ஆவியாகிப் போகும்போது பாஸ்பரஸ் பின்னால் தங்கிவிடுவதால், கோடை அளவு எப்போதும் உயர்ந்தே இருக்கும்.

படி 5: எந்தச் சத்து தட்டுப்பாடு என்று சீசாச் சோதனையால் அறியுங்கள்

ஒரு லிட்டர் கொள்ளும் நிறமற்ற சீசாக்கள் பன்னிரண்டு எடுத்து, நுண்வலைத் துணியால் வடிகட்டிய ஏரி நீரை நிரப்புங்கள். துணி, பாசியை மேயும் சிறு விலங்குகளை நீக்குவதற்காக. மூன்று சீசாக்களில் எதையும் சேர்க்காதீர்கள். மூன்றில் நைட்ரஜன் மட்டும், மூன்றில் பாஸ்பரஸ் மட்டும், மீதி மூன்றில் இரண்டும். லிட்டர் வாலைவடி நீரில் 0.44 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்த கரைசலில் 1 மில்லிலிட்டர் விட்டால் சீசாவில் 100 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் சேரும். லிட்டருக்கு 7.2 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்த கரைசலில் 1 மில்லிலிட்டர் விட்டால் 1,000 மைக்ரோகிராம் நைட்ரஜன் சேரும். சீசாக்களை ஒரு மிதவையில் கட்டித் தெளிவாழத்தின் பாதி ஆழத்தில் நான்கைந்து நாள்கள் தொங்கவிட்டு, பின்னர் வடிகட்டி, வடிதாளை 90% அசிட்டோனில் இருட்டில் ஊறவைத்துப் பச்சையத்தை அளக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் வடிதாள்களை வரிசையாக வைத்து நிறத்தை ஒப்பிடலாம். பெரிய வேறுபாடுகள் கண்ணுக்கே தெரியும்.

பாஸ்பரஸ் பெற்றவை மட்டும் பச்சையானால் தட்டுப்பாடு பாஸ்பரஸ். இரண்டும் பெற்றவை மட்டும் எழுந்தால் இரண்டுக்குமே தட்டுப்பாடு. எதிலும் மாற்றமில்லை என்றால் சத்து தேவைக்கு மேல் இருக்கிறது, பாசியைக் கட்டுப்படுத்துவது ஒளிதான். கழிவுநீர் சேரும் ஏரிகளில் எதிர்பார்க்க வேண்டியது இதையே.

நைட்ரஜன் சீசா மட்டும் பச்சையானால், நைட்ரஜனைக் குறைத்தால் போதும் என்ற முடிவுக்கு அவசரப்பட்டுப் போய்விடாதீர்கள். கனடாவின் 227ஆம் எண் ஏரிக்கு 1969 முதல் சத்துகள் சேர்க்கப்பட்டு வந்தன. 1990இல் நைட்ரஜன் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கும் பாசிகள் குறையை நிரப்பியதால் ஏரி பச்சையாகவே தொடர்ந்தது. மறுபுறம், மைக்ரோசிஸ்டிஸுக்கு அந்த ஆற்றல் கிடையாது. 2007இல் ஊஷி நகரின் குடிநீரை நிறுத்தச் செய்த சீனாவின் தாய்ஹூ ஏரியை ஆராய்ந்தவர்கள் இரண்டு சத்துகளையும் குறைக்க வேண்டும் என்கிறார்கள். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. சாக்கடையைத் தடுத்தால் இரண்டுமே குறையும் என்பதால் நம் ஏரிகளில் நடைமுறை வேறுபாடு அதிகமில்லை.

படி 6: வரவைக் கணக்கிடுங்கள்

ஏரியின் வரத்துக்கால்கள், அதில் கலக்கும் வடிகால்கள், துவைக்கும் படித்துறைகள், மாடு கழுவும் இடங்கள், மீன் தீவனம் என எல்லா வழிகளையும் ஒரு வரைபடத்தில் குறியுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஓடும் நீரின் அளவைப் பாருங்கள். சிறிய வடிகாலில் ஒரு வாளி நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்தாலே போதும். பெரிய கால்வாயில் அகலத்தையும் சராசரி ஆழத்தையும் பெருக்கி, ஒரு மிதவைத் துண்டு 10 மீட்டர் நகரும் வேகத்தால் மீண்டும் பெருக்கி, மேல்மட்ட வேகம் சராசரியைவிட அதிகம் என்பதால் விடையில் 85% மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 10 ஹெக்டேர் பரப்பும் சராசரியாக ஒரு மீட்டர் ஆழமும் கொண்ட ஏரியில் 1,00,000 கன மீட்டர் நீர் இருக்கும். வினாடிக்கு 5 லிட்டர் மட்டும் ஓடும் ஒரு சாக்கடை நாளொன்றுக்கு 432 கன மீட்டர் கொண்டுவருகிறது. அதில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால், வீட்டுக் கழிவுநீருக்கு இது மிகையான அளவல்ல, நாளுக்கு 2.16 கிலோகிராம் சேர்கிறது. ஐந்தே நாள்களில் வரும் பாஸ்பரஸ் ஏரி முழுவதற்கும் லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் ஏற்றப் போதுமானது. வயலோடு ஒப்பிட்டால், 50 கிலோ டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டை ஒன்றில் உள்ள மணிச்சத்து, பாஸ்பரஸாகக் கணக்கிட்டால் சுமார் 10 கிலோகிராம். அதாவது அந்த ஒற்றைச் சாக்கடை ஐந்து நாளுக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி.யை ஏரியில் அவிழ்த்துக் கொட்டுகிறது. ஆண்டுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட மூட்டைகள். ஏரியைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் கூட்டங்களில் உரம் போடும் விவசாயி மீதே முதல் பழி விழுவதைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை யாராவது கரும்பலகையில் எழுதிக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. வயலின் பாஸ்பரஸ் மண்துகள்களோடு பிணைந்து பெரும்பாலும் கனமழை நாள்களில் வருகிறது. அதையும் அளக்க வேண்டும் என்றால் முதல் வெள்ளத்தின்போது வரத்துக்காலில் மாதிரி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

“சுத்திகரித்த நீர்தான் விடுகிறோம்” என்ற பதிலும் வரும். கரிமக் கழிவைக் குறைப்பதற்காகக் கட்டப்படும் வழக்கமான நிலையங்களில் பாஸ்பரஸின் பெரும்பகுதி தப்பி வெளியேறிவிடும். சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் சேர்ந்துவந்ததும் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரே. 1963 முதல் 1968 வரை படிப்படியாக அது வேறிடத்துக்குத் திருப்பப்பட்ட பின்புதான் ஏரி தெளிந்தது.

படி 7: அடிவண்டலைக் கணக்கில் சேருங்கள்

வந்த பாஸ்பரஸில் பெரும்பங்கு இரும்போடு பிணைந்து வண்டலில் படிகிறது. அடிப்பகுதியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும்போது அந்தப் பிணைப்பு அவிழ்ந்து பாஸ்பேட் மீண்டும் நீருக்குள் வருகிறது. ஆழமற்ற ஏரிகளில் ஆக்சிஜன் இருந்தாலும், பிற்பகல் பி.ஹெச். உயர்வும் அதே வேலையைச் செய்யும். அகலமான குழாயைச் சேற்றில் குத்தி, கலங்காமல் எடுத்த வண்டலையும் அதன்மேல் நிற்கும் நீரையும் மூடி இருட்டில் ஒரு வாரம் வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் மேல்நீரின் கரைந்த பாஸ்பேட்டை அளந்தால், உங்கள் ஏரி எவ்வளவு திருப்பித் தருகிறது என்ற ஒரு மதிப்பீடு கிடைக்கும். அந்த எண் பெரிதாக இருந்தால், சாக்கடையைத் திருப்பிய மறு ஆண்டே தெளிவை எதிர்பார்க்காதீர்கள் என்று ஊராரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

படி 8: இப்போது தீர்வைத் தேர்ந்தெடுங்கள்

வரிசை முக்கியம். கணக்கில் முதலிடம் பெறும் வரவை முதலில் அடைக்க வேண்டும். அது பெரும்பாலும் ஒன்றிரண்டு சாக்கடைகளாகவே இருக்கும். அதன்பிறகே வண்டல். ஸ்வீடனின் டிரம்மன் ஏரியில் கழிவுநீர் வரத்து நின்றும் நிலைமை மாறவில்லை. 1970, 1971 ஆண்டுகளில் மேல்வண்டலை உறிஞ்சி எடுத்த பிறகே பாசி அடங்கியது. கோடையில் வற்றிவிடும் நம் ஏரிகளில் படகும் உறிஞ்சு எந்திரமும் தேவையில்லை, உரிய அனுமதியோடு மேல்வண்டலை வெட்டி வயலுக்குக் கொண்டு சேர்க்கலாம். கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த மழையில் திரும்பிவிடும். வெங்காயத்தாமரைக்கும் இதே விதி: அது சத்தை உறிஞ்சுவது உண்மை, ஆனால் ஏரியிலேயே அழுகவிட்டால் உறிஞ்சியதை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும்.

மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கரைத்துத் தெளித்தால் பாசி சில நாள்களில் மடியும். மடியும்போது செல்கள் உடைந்து நஞ்சு மொத்தமாக நீரில் கலக்கும், ஆக்சிஜன் சரியும், தாமிரம் வண்டலில் சேரும், பாஸ்பரஸோ ஒரு துளியும் குறையாது. பாட்டிலில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசல்களைப் பற்றியும் ஒரே கேள்விதான்: பாஸ்பரஸ் ஒரு தனிமம், எந்த நுண்ணுயிரும் அதை அழிக்க முடியாது, அப்படியானால் அது எங்கே போகிறது? விற்பவரிடம் விடை இல்லை என்றால் வாங்க வேண்டாம். நீரூற்றும் காற்றூட்டியும் மீன்களைக் காப்பாற்ற உதவும். அந்த நோக்கத்துக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளலாம். படிகாரம் பாஸ்பேட்டைப் பிணைத்து அடியில் படியவைக்கும் என்பது மெய்தான், ஆனால் வரவு நிற்காத ஏரியில் அதை ஆண்டுதோறும் வாங்கிக் கொட்ட வேண்டியிருக்கும். அளவு தவறினால் பி.ஹெச். இறங்கி மீன்கள் சாகும்.

வேலை முடிந்தபின் தெளிவாழத்தை மாதம் ஒரு முறையும், மொத்தப் பாஸ்பரஸை முன்பு சொன்ன அதே மூன்று பருவங்களிலும், அதே இடத்தில், அதே ஆய்வகத்தில் குறைந்தது மூன்று ஆண்டுகள் அளந்து வாருங்கள். கோடை அளவைக் கோடை அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஏரி நிறைந்து கலிங்கு வழிந்த ஆண்டில் வெள்ளமே சத்தை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்பதால், அந்த ஓர் ஆண்டின் நல்ல எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு செய்த வேலை பலித்துவிட்டது என்று ஊராட்சிக்கு அறிக்கை எழுதக் கூடாது. அடுத்த வறண்ட கோடையின் எண் வரும்வரை காத்திருக்க வேண்டும்.